முகமூடிக்குப் பின்னால் யாரு?

மலைக்கள்ளன் (1954) படத்தில் எம்.ஜி.ஆர். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கள்ளன். அவர் யாரென்று கதையில் வரும் போலீசுக்குத் தெரியாது. படம் பார்க்கிறவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அங்கே மறைப்பு ஒரு விளையாட்டு.

அதே சமயம் மலாயாவில் அவசரகாலம் (1948–1960). ஆட்களை வரிசையில் நிறுத்தி, முகமூடி மாட்டிய ஆள்காட்டியை முன்னால் கொண்டுவருவார்கள். அவன் தலையாட்டினால் கைது. 1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்தபோது யாரும் முகத்தை மறைக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்தத் துணிச்சல் ஆபத்தாகிவிட்டது.

கெடாவில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் பார்த்த என் பாட்டி சொல்வார்: "படத்துல மறைஞ்சிருக்கிறவன் நம்மாளுன்னு தெரியும்லா, கை தட்டுனோம். வரிசைக்கு முன்னால மறைஞ்சு நின்னவனும் நம்ம லயத்து ஆளா இருக்கலாம். அதான் பயம்."