நரம்பில்லாத யாழ்

சிக்காகோவின் புளூஸ் கலைஞர்கள் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஊதும் பத்துத் துளைக் கருவியை ‘ஹார்ப்’ என்பார்கள். ஆங்கிலத்தில் ஹார்ப் என்றால் யாழ். நரம்பு ஒன்றுகூட இல்லாமல் உள்ளங்கைக்குள் ஒளிந்துவிடும் பொருளுக்கு யாழின் பெயர் எப்படி வந்தது? செய்து விற்கும் கம்பனிக்கு அது ஹார்மோனிகா. கிழக்கிலங்கையின் சவளக்கடை, கல்முனைப் பக்கத்தில் நமக்கு மவுத் ஓர்கன். கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றக் காலத்துக் கடைகளில் பிள்ளைகள் கேட்டு அழும் விளையாட்டுச் சாமான். பொருள் ஒன்று, பெயர் மூன்று. மூன்றையும் வைத்தவர்கள் வேறு வேறு ஆட்கள்.

ஹார்மோனிகா என்பதன் வேர் கிரேக்கத்து ‘ஹார்மோனியா’. பலகையோடு பலகை பொருந்துவதைக் குறித்த அந்தச் சொல் பின்னர் சுரங்களின் இணக்கத்துக்கு ஏறியது. 1761-இல் பெஞ்சமின் பிராங்ளின் சுழலும் கண்ணாடிக் கிண்ணங்களை ஈரவிரலால் தடவி வாசிக்கும் கருவியொன்றைச் செய்து ‘ஆர்மோனிகா’ என்று பெயரிட்டார். கண்ணாடிக் கருவி மெல்ல வழக்கொழிய, அதன் பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோக நாக்குக் கருவிக்கு வந்து சேர்ந்தது. அதே வேரிலிருந்து, பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1840களில் காப்புரிமை பெற்ற ‘ஹார்மோனியம்’ பிறந்தது. நம் நாடக மேடைகளில் அது ஆர்மோனியப் பெட்டி ஆனது.

மவுத் ஓர்கனும் ஆர்மோனியமும் வயிற்றிலும் உறவு. ஒரு முனை தறையப்பட்ட பித்தளை நாக்கு, தன் அளவுக்கே வெட்டிய இடுக்கின் ஊடாகக் காற்றில் உள்ளும் வெளியும் ஆடும். அதிலிருந்து ஒலி வரும். சீனத்து ‘ஷெங்’ பல நூற்றாண்டுகளாக இந்த வழியில்தான் ஒலிக்கிறது. ஆர்மோனியத்தில் துருத்தி காற்றைத் தள்ளுகிறது, மவுத் ஓர்கனில் நுரையீரல். தேவாலயத்து ஓர்கன் வாய்க்குள் அடங்கியதைப் போலக் கண்ட பிரித்தானியர் மவுத் ஓர்கன் என்றார்கள். நாம் அவர்களிடமிருந்து பொருளையும் பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம்.

விற்பனையைப் பெருக்கியவர் ஜெர்மனியின் த்ரொசிங்கன் ஊர் மணிக்கூடு செய்பவர் மத்தியாஸ் ஹோனர். 1857-இல் தொழிலைத் தொடங்கி, முதல் ஆண்டில் 650 கருவிகள் செய்தார். 1896-இல் அவருடைய கம்பனி ‘மரீன் பேண்ட்’ என்ற பத்துத் துளை வகையை வெளியிட்டது. அமெரிக்கக் கடற்படைப் பிரிவொன்றின் வாத்தியக் குழுப் பெயரைச் சூட்டியது அந்தச் சந்தையைக் குறிவைத்துத்தான். பருத்திக் காடுகளில் கூலி வேலை செய்த கறுப்பினத்தவர் கைக்கும் எட்டுகிற விலையில் அது போய்ச் சேர்ந்தது.

அவர்கள் கையில்தான் கருவி வேறாகியது. சி சுருதி மரீன் பேண்டை ஊதினால் ச, க, ப மட்டுமே வரும். உறிஞ்சினால் மற்றவை வரும். ஆனாலும் கீழ்ஸ்தாயியில் ம, த இரண்டும் கிடையா. ஜெர்மானிய நாட்டுப்புற ஆட்டங்களுக்கு அவ்வளவு போதும். புளூஸ்காரர்கள் அதைத் திருப்பிப் பிடித்தார்கள். சி கருவியின் பஞ்சமத்தை ஷட்ஜமாகக் கொண்டு, ஊதுவதைக் குறைத்து உறிஞ்சுவதில் வாசிப்பை நிறுத்தினார்கள். கர்நாடக இசைக்காரர் இதைக் கிரகபேதம் என்பார். பழந்தமிழ் யாழ் மரபில் இதற்குப் பாலை திரித்தல் என்று பெயர். சங்கராபரணத்துக்கு என்று சுருதி சேர்த்த கருவியில் ஹரிகாம்போதியின் சுரங்கள் எழுந்தன.

இல்லாத ம, த இரண்டையும் வாயால் உண்டாக்கினார்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஊதலுக்கு ஒன்று, உறிஞ்சலுக்கு ஒன்று என இரண்டு நாக்குகள் உண்டு. நாவைத் தாழ்த்தி, வாயறையின் வடிவத்தை மாற்றி உறிஞ்சும்போது, மேல் சுரத்து நாக்கு அடங்கி மற்றையது சேர்ந்து ஆடத் தொடங்கும்; சுரம் வழுக்கி இறங்கும். இதை ‘பெண்டிங்’ என்கிறார்கள். நம் காதுக்கு அது கமகம்.

இந்த இடத்தில் அதன் உறவுக்காரப் பெட்டிக்கு நேர்ந்ததை நினைக்க வேண்டும். சுரம் அசையாது, கமகம் பிடிக்காது என்ற குற்றச்சாட்டில் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் தடை செய்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அதே வகைப் பித்தளை நாக்கு மிசிசிப்பியில் கமகம் பேசிக்கொண்டிருந்தது. பெட்டியில் நாக்குக்கும் வாசிப்பவர் வாய்க்கும் இடையே துருத்தி நிற்கிறது. மவுத் ஓர்கனில் இடையே எதுவும் இல்லை.

ஹார்ப் என்ற பெயர் புளூஸ் வாசிப்பவர்களின் பேச்சில் வேரூன்றியது. அது வாய்ப்பக்கம் வர முன்பே ஒரு தடம் இருந்தது: நம் மோர்சிங்கின் ஐரோப்பிய உறவுக்கருவி பல்லிடுக்கில் வைத்து வாசிப்பது, அதற்கு ஆங்கிலத்தில் நூற்றாண்டுகளாகவே ஹார்ப் என்று பெயர். அமெரிக்கத் தென் மாநிலங்களில் மவுத் ஓர்கனை ‘பிரெஞ்சு ஹார்ப்’ என்றும் சொன்னார்கள். புளூஸ்காரர்கள் முன்னொட்டை உதறிவிட்டு ஹார்ப் என்றே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த உலகில் ஆட்பெயரும் இடம் மாறும். சன்னி போய் வில்லியம்சன் என்று புகழ்பெற்றவர் ஜான் லீ வில்லியம்சன். 1948-இல் சிக்காகோவில் கொலையுண்டார். அவர் உயிரோடு இருக்கும்போதே ரைஸ் மில்லர் என்பவர் அதே பெயரில், 1941-இல் ஆர்கன்சா மாநிலத்து ஹெலினா நகர வானொலியில் தொடங்கிய ‘கிங் பிஸ்கட் டைம்’ நிகழ்ச்சியில் வாசித்துக்கொண்டிருந்தார். இன்று இருவரையும் ஒன்று, இரண்டு என இலக்கமிட்டே பிரிக்கிறார்கள்.

இந்த வரிசையில் உச்சம் லிட்டில் வால்ட்டர், 1930-இல் லூசியானாவில் பிறந்தவர். மலிவான மைக்கைக் கருவியோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி, ஒலிபெருக்கியின் கரகரப்பையும் வாசிப்பின் பகுதியாக்கினார். 1952-இல் பதிந்த ‘ஜூக்’ ஒரு வார்த்தையும் இல்லாத இசைத்தட்டு. அது அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1968-இல், 37 வயதில், வால்ட்டர் இறந்தார்.

2012 டிசம்பரில் சான் டியேகோ நகர மேடையொன்றில் அவர் நினைவாக ஹார்ப் கலைஞர் ஐவர் சேர்ந்து வாசித்தனர். மார்க் ஹம்மல் ஒழுங்கு செய்தார்; சார்லி மசல்வைட், பில்லி போய் ஆர்னல்ட், ஜேம்ஸ் ஹார்மன், சுகர் ரே நோர்சியா மற்றவர்கள். கச்சேரியின் ஒலிப்பதிவு அடுத்த ஆண்டு இசைத்தட்டாகியது. ஐவரில் ஆர்னல்ட் சிறுவனாக, 1948-இல், முதல் சன்னி போய் வில்லியம்சனின் வீட்டுக் கதவைத் தட்டி அவரிடமே பாடம் கேட்டவர். அறுபது ஆண்டுக்கு முன் ஒருவர் வாயில் கண்டதை இன்னொருவர் வாயில் அன்று கேட்க முடிந்தது இப்படித்தான். எழுதி வைத்த சுரக்குறிப்பில் நாவின் தாழ்வு வராது.

நம் யாழுக்கு இந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை. சவளக்கடையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு வந்து, தெற்கே சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் தாண்டினால் காரைதீவு. 1892-இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகள், பேரியாழும் செங்கோட்டியாழும் எப்படி இருந்தன என்று சிலப்பதிகாரத்தின் சொற்களையும் கணிதத்தையும் ஒலியியலையும் கொண்டு தேடினார். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அறிவியல் படித்த பெரும்புலவர் ஒருவருக்கு அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பு வேண்டியிருந்தது. கேட்டறிய ஒரு பாணர்கூட மிஞ்சவில்லை. வடக்கே வீணை என்ற சொல்லும் முற்காலத்தில் வில்வடிவ யாழைக் குறித்து, பின்னர் வேறு கருவிக்குப் போனது. அங்கே சொல்லுக்குப் புதிய உடல் கிடைத்தது. இங்கே யாழ் ஊர்ப்பெயரிலும் ஏட்டிலும் தங்கிப்போனது.

கம்பனி வைத்த பெயர் பெட்டிமேல் இருக்கும். வாசிப்பவர் வைத்த பெயர் வாசிப்பு இருக்கும்வரை இருக்கும். ஆர்மோனியத்தின் தம்பிக்கு நம் பாடகர்கள் சுதிப்பெட்டி என்று பெயரிட்டது, சுருதிக்கு அதை நாளும் நம்பியதால். மவுத் ஓர்கனுக்கு நம் கரையில் சொந்தப் பெயர் வராததன் காரணமும் அதுவே: அதைப் பிள்ளைகள் கையோடு விட்டுவிட்டோம். வயல்வாடியில் பாடும் கவியின் இழுவையை அந்தப் பித்தளை நாக்கில் வளைத்துக் காட்டப் பத்துப் பேர் முளைத்தால் பெயரை அவர்களே வைத்துக்கொள்வார்கள். அகராதிக் குழு கூட வேண்டியதில்லை.