கேசரங்களின் கூட்டு

இறப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கரவனெல்ல மலைச்சரிவுகளில் பூ கொட்டிக் கிடக்கும். பால் வெட்டப் போகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் நடப்பார்கள். அல்லியிதழே இல்லாத அந்தப் பொடிப் பூவைக் குனிந்து பார்க்க யாருக்கு நேரம்? கைவில்லையில் வைத்துப் பார்த்தால், ஆண்பூவின் நடுவில் ஒரு சிறு தூணும் அதைச் சுற்றி ஐந்தைந்தாக இரு வளையங்களில் பத்து மகரந்தக்கூடுகளும் தெரியும். இழைகள் ஒன்றாய்க் கூடித் தூணாகிவிட்டதால் இதை ஒருகற்றைக் கேசரம் என்பர்.

லயத்து வாசலில் பூக்கும் செவ்வரத்தையும் ஒருகற்றைதான். ஆனால் அங்கே இழைகள் குழாயாகிச் சூல்தண்டையே உள்ளே பொதிந்துகொள்கின்றன. பெயர் ஒன்றானாலும் உறவு வேறு: இறப்பர் ஆமணக்குக் குடும்பம், செவ்வரத்தை பருத்திக் குடும்பம்.

வேலியோரத்துக் கிளிசரிடியாவில் பத்துக் கேசரங்களில் ஒன்பது கூடி நிற்க, மேற்புறத்து ஒன்று மட்டும் விலகியிருக்கும். இது இருகற்றை. அந்த விலகலிலும் காரியம் இருக்கிறது. அதன் அடியில் விழும் இடைவெளி வழியாகத்தான் வண்டின் நாக்கு தேனை எட்டுகிறது. தோடம்பூவில் கற்றைகள் பல. சூரியகாந்தியிலோ இழைகள் தனித்திருக்க, மகரந்தக்கூடுகள் ஒட்டிக் குழாயாகின்றன. தும்பையில் நீளமே கணக்கு: இரண்டு நெட்டை, இரண்டு குட்டை.

இப்படிக் கேசரங்களை எண்ணியும் அவற்றின் கூட்டைப் பார்த்துமே லின்னேயஸ் தாவர உலகை 24 வகுப்புகளாகப் பிரித்தார். 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இங்கே பணியாற்றிய போல் ஹெர்மன் சேர்த்த உலர் செடிகளைக் கொண்டு, 1747இல் இலங்கைத் தாவரங்களுக்கென்றே அவர் ஒரு நூல் எழுதினார். நம் தீவின் செடிகள் அதில் கேசரக் கணக்கின்படியே வரிசையாயின.

எண்ணிக்கை வசதியானதுதான், உறவை அது எப்போதும் காட்டாது. லின்னேயஸுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். தோட்டங்களில் பசுந்தாள் பசளைக்கு வளர்க்கும் கிலுகிலுப்பையில் பத்துக் கேசரங்களும் ஒரே கற்றை. மகரந்தக்கூடுகள் மட்டும் ஐந்து நீளம், ஐந்து சிறிது. விதிப்படி அது செவ்வரத்தையோடு சேர வேண்டும். 1753இல் வந்த தம் பெருநூலில் அவரோ அதை இருகற்றை வகுப்பில், அவரையின் சுற்றத்தோடு வைத்தார். அவரைக் குடும்பத்தில்தான் அது இன்றும் இருக்கிறது.