மூன்று புள்ளிகளில் ஓடும் படகு

ரிமோட் கண்ட்ரோலில் ஓடும் அவுட்ரிகர் ஹைட்ரோபிளேனை முதல்முறை பார்ப்பவருக்கு அது படகு மாதிரியே தோன்றாது. நடுவில் ஒல்லியாக ஒரு நீளப் பெட்டி. அதன் குறுக்கே இரண்டு குழாய்கள். குழாய் முனைகளில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு மிதவைகள். இவற்றை ஸ்பான்சன் என்பார்கள். இலங்கை மீனவர்களின் ஒருவா படகிலும் பக்கவாட்டில் மிதவை உண்டு, ஆனால் அது படகு கவிழாமல் இருப்பதற்கு. இங்கே ஸ்பான்சனின் வேலை, ஓடும்போது படகின் முன்பகுதியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடிப்பது.

இந்த வடிவத்துக்குப் பின்னால் சில உயிர்கள் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பொம்மைப் படகின் கதையைப் பெரிய படகிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தண்ணீரை எவ்வளவு குறைவாகத் தொடுகிறதோ அவ்வளவு வேகமாகப் படகு போகும். 1930களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் வென்ட்னர் என்ற பட்டறையை நடத்திய அப்பெல் குடும்பம், முன்னால் இரண்டு ஸ்பான்சன், பின்னால் படகின் வால் என மூன்றே இடங்களில் தண்ணீரைத் தொடும் படகுகளைக் கட்டியது. 1939ல் இங்கிலாந்தின் மால்கம் கேம்ப்பெல் இதே முறையில் கட்டிய படகில் மணிக்கு 228 கிலோமீட்டர் போனார்.

1950 ஜூன் 26. சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரியில் ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற படகு 258 கிலோமீட்டர் போய் அந்தச் சாதனையை உடைத்தது. வடிவமைத்தவர் டெட் ஜோன்ஸ், கட்டியவர் ஆங்கர் ஜென்சன், உரிமையாளரும் ஓட்டியவரும் ஸ்டான்லி சேயர்ஸ் என்ற கார் வியாபாரி. இதில் வாலும் தண்ணீரைத் தொடவில்லை! பாதி மூழ்கிச் சுழலும் புரொப்பெல்லர்தான் மூன்றாவது புள்ளி. என்னைக் கேட்டால் இந்தக் கதையில் மிகப் பெரிய யோசனை இதுதான். இன்றைய மாடல் படகுகளும் இதே யோசனையில்தான் ஓடுகின்றன.

தண்ணீரை விட்டு மேலே வந்தாயிற்று. அடுத்த எதிரி காற்று. அடியில் புகும் காற்று மூக்கைக் கொஞ்சம் அதிகமாகத் தூக்கிவிட்டால் படகு அப்படியே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். மால்கமின் மகன் டொனால்ட் கேம்ப்பெல் 1967 ஜனவரி 4 அன்று கானிஸ்டன் ஏரியில் 480 கிலோமீட்டருக்கு மேல் போய்க் கொண்டிருந்தபோது அவருடைய புளூபேர்ட் அப்படித்தான் எழும்பிக் கவிழ்ந்தது. உடல் 2001ல்தான் கிடைத்தது. அமெரிக்கப் பந்தயங்களில் 1981ல் பில் மன்சி, 1982ல் டீன் செனொவெத் என்று இரண்டு பெரிய வீரர்கள் இதேபோல் இறந்தார்கள். பிறகுதான் எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடி மூடியை வாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு மேல் பொருத்தினார்கள்.

மாடலில் ஆள் கிடையாது. ஆகவே இருக்கையும் வேண்டாம், அகலமான மேல்தளமும் வேண்டாம். தளத்தை எடுத்துவிட்டால் உடலுக்கும் ஸ்பான்சனுக்கும் நடுவே காற்று சும்மா போய்விடும், தூக்காது. டொனால்டின் புளூபேர்டிலும் ஸ்பான்சன்கள் கைகளில்தான் நீட்டிக் கொண்டிருந்தன. மாடல்காரர்கள் அதை எலும்புக்கூடு வரை கொண்டுபோய்விட்டார்கள்.

சரி, ஏன் இதைப் பெரிதாகக் கட்ட வேண்டும்? காரணம் எளிது. படகைச் சின்னதாக்கலாம், குளத்து அலையைச் சின்னதாக்க முடியாது. விரலளவு அலை அரை மீட்டர் படகுக்கு மலை, ஒன்றரை மீட்டர் படகுக்கு வெறும் தடிப்பு. இன்னொரு கணக்கும் உண்டு. நீளத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று பிடிக்கும் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கு. அதே வேகத்தில் பெரிய படகு எளிதில் பறக்காது.

முன்பு மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் குடிக்கும் குளோ இன்ஜின்கள்தான். 15 சிசி என்பதே அதில் பெரிய வகுப்பு. எரிபொருளும் விலை அதிகம். ஜப்பானின் ஜெனோவா நிறுவனம் புல்வெட்டும் இயந்திரங்களுக்குச் செய்த மாதிரியான டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், 26 சிசி அளவில், தண்ணீரால் குளிரும்படி மாறிப் படகில் ஏறியது. பெட்ரோலில் ஆயில் கலந்தால் போதும். இன்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவது இவற்றுக்குச் சாதாரணம்.

உடல் பிர்ச் பிளைவுட்டும் எப்பாக்சியும். குழாய்கள் அலுமினியம் அல்லது கார்பன். உள்ளே ஃபோம் அடைத்திருப்பார்கள், கவிழ்ந்தாலும் மூழ்காது. கட்டுவதைவிடச் சரிசெய்வதுதான் பாடு. புரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டை ஒரு மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினாலே படகின் குணம் மாறும். புரொப்பெல்லரையும் வாங்கியபடியே போட மாட்டார்கள். தீட்டி, பேலன்ஸ் செய்ய வேண்டும். அது பெரும்பாலும் பெரிலியம் கலந்த செம்பு, தூள் நுரையீரலுக்கு விஷம். முகமூடி இல்லாமல் தொடக்கூடாத வேலை.

மாடல் பந்தயம் கடிகாரச் சுற்றில், அதாவது வலது திருப்பம். அதனால் தண்ணீரைக் கவ்வும் துடுப்புத் தகடு வலது ஸ்பான்சனில் இருக்கும். அமெரிக்காவின் பெரிய படகுகள் இடப்பக்கம் திரும்புகின்றன, தகடும் இடப்பக்கம்.

பயம் ஒன்றுதான்: ரேடியோ சிக்னல் போவது. பல கிலோ எடை அந்த வேகத்தில் கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரே அலைவரிசையில் இருவர் ஆன் செய்தாலே ஆபத்து. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்த பிறகு அந்தச் சண்டை போனது. சிக்னல் அறுந்தால் ரிசீவரே திராட்டிலை மூடும்படி இப்போது அமைத்துவிடுகிறார்கள். படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டரை ஒருமுறை அணைத்து, கார்புரேட்டர் மூடுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.