பச்சைப்பாசியில் உலோக அயனிக் கடத்துப்புரத மரபணுக்களின் நகலாக்கம்

இரும்பு, செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களின் அயனிகளைப் பச்சைப்பாசியின் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் புரதங்களுக்கான மரபணுக்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் வேலையைக் கண்டறியும் ஆய்வுமுறை. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை கிளமிடோமோனாஸ் ரெய்னார்டியை என்னும் ஒருசெல் பாசியில் நடந்தவை. அதன் மரபணுத்தொகுதி 2007இல் வெளியானபின் மரபணுவைத் தேடுவது கணினி வேலையாகிவிட்டது. அது எதைக் கடத்துகிறது என்று நிறுவுவதுதான் இன்றும் கடினம்.

பாசியைச் செம்போ இரும்போ இல்லாத ஊடகத்தில் பட்டினி போட்டால் அந்தந்த உலோகத்துக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அப்போது கிடைக்கும் தூது ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. படியை உருவாக்கி, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, பிளாஸ்மிடில் இணைப்பர். இப்பாசியின் டி.என்.ஏ.வில் குவானினும் சைட்டோசினும் சேர்ந்து சுமார் 64% இருப்பதால் இழைகள் லேசில் பிரிவதில்லை. டி.எம்.எஸ்.ஓ. அல்லது பீட்டெய்ன் சேர்த்துச் சமாளிப்பது வழக்கம்.

மெய்ப்பிக்கும் களம் ஈஸ்ட். செம்புக் கடத்திகளை இழந்த ஈஸ்ட், கிளிசராலை மட்டும் கொண்ட தட்டில் வளராது. கிளிசராலில் வளரச் சுவாசம் தேவை; அதற்கு வேண்டிய சைட்டோகுரோம் ஆக்சிடேசு செம்பின்றி இயங்காது. பாசி மரபணுவைப் புகுத்தியபின் அதே தட்டில் வெள்ளைப் புள்ளிகளாகக் காலனிகள் தோன்றினால் அம்மரபணு செம்பைக் கடத்துகிறது என்று கொள்ளலாம். கிளமிடோமோனாஸின் சி.டி.ஆர்.1, சி.டி.ஆர்.2 ஆகிய புரதங்கள் செம்புக் கடத்திகள் என்பது ஈஸ்டில் நடந்த இத்தகைய சோதனையில் உறுதியாகி 2009இல் வெளியானது. ஒரே குடும்பப் பெயர் கொண்ட சி.டி.ஆர்.3க்கோ சவ்வை ஊடுருவும் பகுதியே இல்லை. வரிசை ஒற்றுமையை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாற நேரும்.

இரும்பின் வழி சுற்றானது. வெளியிலுள்ள ஃபெரிக் அயனி முதலில் ஃபெரசாக ஒடுக்கப்படும். செம்பு கொண்ட ஃபாக்ஸ்1 நொதி அதை மறுபடி ஆக்சிஜனேற்றி எஃப்.டி.ஆர்.1 என்னும் கடத்தியிடம் ஒப்படைக்கும். ஃபாக்ஸ்1இன் அமைப்பு ஈஸ்டில் அதே வேலையைச் செய்யும் நொதியைவிட, விலங்குகளின் செருலோபிளாஸ்மின், ஹெஃபெஸ்டின் ஆகிய நொதிகளையே அதிகம் ஒத்திருப்பது ஆய்வாளர்களுக்கு வியப்பூட்டியது.

செல்லுக்கு வெளியே சுரக்கப்படும் எஃப்.இ.ஏ.1 என்ற புரதம் கடத்தியே அல்ல. ஆயினும் இரும்பு உள்ளே சேர உதவுகிறது. இதன் மரபணுவைப் புகுத்திய மரவள்ளிக்கிழங்கில் இரும்பின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காக உயர்ந்ததாக 2012இல் ஆய்வறிக்கை வெளியானது.