கூப்பர் பிளாக்

கூப்பர் பிளாக், தலைப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் என்றே உருவான தடித்த ஆங்கில எழுத்துரு. அமெரிக்கரான ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் வரைந்த இதை, சிகாகோவிலிருந்த பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. இதைப் பார்த்தவுடன் பலருக்கும் 1970கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அப்போதே இதற்கு வயது ஐம்பது.

ஒஹையோ மாநிலத்தின் மவுண்ட் கிலியட்டில் 1879இல் பிறந்த கூப்பர், ஓவியம் கற்க சிகாகோ வந்தார். ஃபிராங்க் ஹோம் நடத்திய பள்ளியில் சேர்ந்த பிறகு, படம் வரைவதைவிட எழுத்து வரைவதுதான் தமக்குக் கைவருகிறது என்று கண்டுகொண்டார். அங்கே எழுத்து வரையக் கற்றுக்கொடுத்தவர் ஃபிரெடெரிக் கவுடி. 1904இல் ஃபிரெட் பெர்ட்ஷுடன் சேர்ந்து பெர்ட்ஷ் அண்ட் கூப்பர் நிறுவனத்தைத் தொடங்கி, விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்து தந்தார். பேக்கார்ட் கார் விளம்பரங்களுக்கு அவர் வரைந்த எழுத்து, 1913இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்தின் வழியாக ஈய அச்சாகவும் வந்தது. பார்ன்ஹார்ட் வார்ப்பகம் அவரிடம் கேட்டு வாங்கிய முதல் எழுத்துரு கூப்பர் ஓல்ட் ஸ்டைல் (1919). அதன் தடித்த தம்பிதான் கூப்பர் பிளாக்.

ரோமன் எழுத்தின் தூண்களுக்கு மேலும் கீழும் செரிஃப் எனப்படும் சிறு கட்டைகள் உண்டு. மற்ற பல எழுத்துருக்களில் அவை கூராகவோ தட்டையாகவோ முடியும். கூப்பர் பிளாக்கில் வெயிலில் வைத்த வெண்ணெய்க் கட்டியின் ஓரம்போல் மழுங்கியிருக்கும். ‘ஓ’வின் உள்வெளி நேராக நிற்காமல் சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். சிறிய ‘ஐ’யின் மேலுள்ள புள்ளிகூட சாய்ந்த முட்டை வடிவம்தான். சிறிய எழுத்துகளின் உடல் பெரிது, கீழே இறங்கும் வால்கள் குட்டை. அதனால் வரிகளை நெருக்கி அடுக்கலாம். உள்வெளிகள் குறுகியவை என்பதால் சிறிய அளவில் மை அடைத்துக்கொள்ளும். பக்கம் பக்கமாகப் படிக்க இது உதவாது.

இந்த மழுக்கம் வெறும் அலங்காரம் அல்ல. ஈய எழுத்து தேயும்போது முதலில் போவது கூர்முனை. மட்டமான தாளில் மை கசிந்தால் முதலில் கெடுவதும் அதுவே. முன்பே மழுங்கி வந்த எழுத்தில் தேய்மானமும் கசிவும் கண்ணில் படுவதில்லை. தட்டையான அடி இல்லாததால் எழுத்து வரியிலிருந்து இம்மியளவு ஏறி இறங்கினாலும் உறுத்தாது. பின்னாளில் அச்சுத் தொழில்நுட்பம் மாறிக்கொண்டே இருந்தபோதும் இந்த எழுத்துரு பிழைத்திருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

பழமைவாத அச்சுக் கலைஞர்கள் இதை முரட்டு எழுத்து என்று கடிந்தார்கள்; விளம்பரதாரர்களோ விரும்பி வாங்கினார்கள். கிட்டப்பார்வை உள்ள வாடிக்கையாளரை வைத்திருக்கும் தூரப்பார்வை உள்ள அச்சகத்தாருக்கானது என்று கூப்பரே இதைப் பற்றி வேடிக்கையாகச் சொன்னதாகக் கூறுவர். விற்பனையைக் கண்டு போட்டி நிறுவனங்களும் இறங்கின. லட்லோ நிறுவனம் லட்லோ பிளாக்கை வெளியிட்டது; மோனோடைப்புக்காக 1925இல் கவுடி ஹெவிஃபேஸை வரைந்தவர் கூப்பரின் ஆசிரியரான கவுடியே. பார்ன்ஹார்ட் வார்ப்பகமும் சாய்ந்த வடிவம், ஒடுங்கிய வடிவம் என்று குடும்பத்தைப் பெருக்கியது. அவற்றில் கூப்பர் ஹைலைட் பிறந்த விதம் சுவையானது: அச்சிட்ட கூப்பர் பிளாக் தாளின் மேல் வெள்ளை வண்ணத்தால் ஒளிக்கீற்றுகளைத் தீட்டி, அதையே பார்த்து அச்சு வெட்டினார்கள்.

1933இல் பார்ன்ஹார்ட் மூடப்பட்டது. எழுத்துருக்கள் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் வசம் போயின. கூப்பர் 1940இல் மறைந்தார்.

1960களில் ஃபிலிம் வழி அச்சுக்கோர்ப்பும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களும் பரவியபோது கூப்பர் பிளாக் மறுபிறவி எடுத்தது. ஈய எழுத்துக்குத் தனித்தனிக் கட்டை உண்டு. ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழைய முடியாது. ஃபிலிமில் அந்தத் தடை இல்லை. உருண்டை எழுத்துகளை ஒன்றோடொன்று உரச வைப்பது புதிய அழகாகிவிட்டது. 1966இல் வந்த பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டு உறையின் பச்சைப் பட்டையில் எழுத்துகள் அப்படித்தான் நெருங்கி நிற்கின்றன. இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து பனியனில் ஒட்டும் எழுத்துகளாகவும் இது 1970களில் அமெரிக்காவெங்கும் பரவியது. கோணலாக ஒட்டினாலும் மன்னிக்கும் குணம் அங்கே கைகொடுத்தது. 1968இல் தொடங்கிய பிபிசியின் ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடரின் தலைப்பும் இந்த எழுத்தில்தான் இருந்தது. கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் என்பதால், இந்த எழுத்தை அங்கே காலப் பொருத்தமற்றது என்று சொல்வதற்கில்லை.

1995இல் பிரிட்டனில் தொடங்கிய ஈசிஜெட் விமான நிறுவனம் ஆரஞ்சு நிறத்தோடு கூப்பர் பிளாக்கையும் தன் அடையாளமாக்கிக்கொண்டது. முன்பதிவுக்கான தொலைபேசி எண்ணையே விமானத்தின் விலாவில் பெரிதாக எழுதிப் பறக்கவிட்டது. பகட்டு இல்லாத, பக்கத்துக் கடை போன்ற நட்பை அந்த எழுத்து காட்டியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு வந்த எழுத்துருக்களில் ஒன்றாகச் சேர்ந்ததால், வடிவமைப்பாளர் அல்லாதவர்களின் கைக்கும் போனது. அழைப்பிதழ், அறிவிப்பு என்று எங்கும் தென்பட்டு, கொஞ்சம் மலிந்தும் போனது.

2017இல் சோபானி தயிர் நிறுவனம் தன் பெயரை மென்மையாக உருண்ட தடித்த எழுத்தில் மாற்றி எழுதியது. அது கூப்பர் பிளாக் அல்ல, அதே சாயலில் புதிதாக வரைந்த எழுத்து.