அடிவயிற்று வலியும் நடவு வயலும்

மாதவிடாய் நேரத்து அடிவயிற்று வலிக்கு உடற்பயிற்சி நல்லது என்று இன்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். சும்மா சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாளாவது, 45 முதல் 60 நிமிடம் உடற்பயிற்சி செய்தால் வலி நன்றாகவே குறையக்கூடும் என்று 2019இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சான்றுகள் இன்னும் வலுவானவை அல்ல என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

இந்த ஆலோசனையைத் தேனிக்குத் தெற்கே இருக்கும் வீரபாண்டிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம். முல்லையாற்றுத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். நடவுக் காலத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, சேற்றில் பின்னோக்கி அடிவைத்து நாற்று ஊன்றுகிறார்கள். இடுப்பு மடங்கியபடியே பல மணி நேரம் போகிறது. உடம்பை அசைப்பதுதான் மருந்து என்றால் இவர்களுக்கு வலியே வரக்கூடாது. ஆனால் வருகிறது. ஏன்?

விடை தேடினால் மருத்துவ வரலாற்றில் ஒரு பழைய சண்டைக்குப் போய்ச் சேர்வோம். 1873இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிடாய் நாட்களில் பெண்கள் படித்தால் மூளைக்குப் போகும் சக்தி கருப்பையைக் கெடுத்துவிடும், ஓய்வெடுக்க வேண்டும் என்றார். சரி, ஆலையில் வேலை செய்யும் பெண்கள்? அவர்களுக்கு உடம்பு வலு அதிகம், மூளைக்கு வேலை குறைவு, அதனால் அவ்வளவு பாதிப்பில்லை என்று அதற்கும் சமாதானம் வைத்திருந்தார். ஓய்வு யாருக்கு என்பது அப்போதே வர்க்கம் பார்த்துத்தான் முடிவானது.

கிளார்க்குக்குப் பதில் சொன்னவர் மேரி பட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர். அவர் செய்த காரியம் இன்றைக்கு எளிமையாகத் தெரியும்: பெண்களிடமே கேட்டார். கேள்வித்தாள் அனுப்பி 268 பேரின் பதில்களை வாங்கினார், நாடித்துடிப்பை அளந்தார். ஆரோக்கியமாக இருக்கும் பெண்ணுக்கு அந்த நாட்களில் கட்டாய ஓய்வு தேவையில்லை என்று முடிவு சொன்னார். 1876இல் அந்தக் கட்டுரைக்கு ஹார்வர்டின் பாயில்ஸ்டன் பரிசு கிடைத்தது. இத்தனைக்கும் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளாது.

அடுத்த தலைமுறையில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த கிளீலியா மோஷர் இன்னும் ஒரு படி மேலே போனார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, அடிவயிற்றால் ஆழமாக மூச்சுவிடும் ஒரு பயிற்சியை வலிக்கு மருந்தாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பயிற்சிக்கு அவர் பேரே நிலைத்தது. வயிற்றை இறுக்கும் உடைகளும் வலிக்குக் காரணம் என்பது அவர் வாதம்.

நம் பக்கத்திலும் ஓய்வு இருந்தது, வேறு பெயரில். மதுரை மாவட்டம் கூவலபுரத்தில் மாதவிடாய் வந்த பெண்கள் போய்த் தங்கும் முட்டுவீடு உண்டு. ‘அந்தக் காலத்திலேயே பெண்ணுக்கு ரெஸ்ட் குடுத்திருக்காங்க’ என்று இதற்கு விளக்கம் சொல்பவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் வலியே இல்லாதவளும் அங்கே போகத்தான் வேண்டும். உள்ளே அனுப்புவது தீட்டு. வலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வலிக்கு என்ன காரணம் என்பதே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. மனப்பிரச்சினை என்று தள்ளிய மருத்துவர்களும் உண்டு. 1957இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிக்கிள்ஸ் என்ற ஆய்வாளர், மாதவிடாய்க் கழிவில் தசையைச் சுருங்கவைக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். புரோஸ்டாகிளாண்டின்கள் என்று பிறகு அடையாளம் தெரிந்தது. இவை அளவுக்கு மேல் சுரந்தால் கருப்பைத் தசை இறுகிப் பிடிக்கிறது, ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன, ஆக்சிஜன் கிடைக்காமல் தசை வலிக்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது போலத்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. இன்று மெடிக்கலில் வாங்கும் மெஃபனமிக் அமில மாத்திரை வேலை செய்வதும் இந்த வழியில்தான்.

அறிவியலின் வெற்றிக்கதையாக இதை இங்கேயே முடித்துவிடலாம். முடிக்கவிடாமல் செய்வது, அதே மாத்திரை தமிழ்நாட்டில் போய்ச்சேர்ந்த இடம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலையிடத்திலேயே பெயரில்லாத மாத்திரை தரப்படுகிறது; தருபவர் பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி பெற்றவர் அல்ல. என்ன மாத்திரை, பக்கவிளைவு என்ன என்று யாரும் சொல்வதில்லை. கால்மணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய இலக்கு போய்விடும் என்பதால் அவர்களும் விழுங்கிவிடுகிறார்கள். அங்கே மாத்திரை ஓட்டியது தையல் மெஷினை.

வீரபாண்டிக் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். உடற்பயிற்சிக்கும் வேலைக்கும் தசை ஒன்றுதான், வியர்வையும் ஒன்றுதான். வலி கூடினால் பயிற்சியை நிறுத்திக்கொள்ளலாம், நடவை நிறுத்த முடியாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று குழுவாகப் பேசி இறங்கிய வயலில் ஒருத்தி நின்றால் அவள் பங்கை மற்றவர்கள் இழுக்க வேண்டும். ‘செத்த வரப்புல உக்காந்துட்டு வாத்தா’ என்று பக்கத்தில் நிற்கும் மதினி சொல்லலாம். மதினியின் கரிசனத்தைத் தவிர அவளுக்கு வேறு விடுப்பு கிடையாது. கம்பம், போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் பெண்களுக்கும் இதே நிலைதான். பாதி நாளில் வலி வந்தால் திரும்பிவர ஜீப் கிடையாது.

விளையாட்டிலும் இதைப் பார்க்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி, ஒரே ஒரு கிலோவில் வெண்கலத்தைத் தவறவிட்டார். மாதவிடாயின் மூன்றாம் நாள் என்று பிறகு சொன்னார். போட்டி நாள் அவர் கையில் இல்லை. ஆனால் அவர் சொன்னது உலகத்துக்குக் கேட்டது.

பிகார் அரசு 1992இலேயே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு தந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதை வாங்க முதலில் யாருக்காவது ஊழியராக இருக்க வேண்டும். நடவுக்காரியின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை. மாதாமாதம் துடிக்கவைக்கும் வலி எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்க்க வேண்டும் என்பார்கள். அதற்கும் ஒரு நாள் கூலி போகும்.

ஜேக்கபி கேள்வித்தாள் அனுப்பி ஏறக்குறைய நூற்றைம்பது வருடமாகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் அப்படி ஒன்று போகவேண்டும். முதல் கேள்வி வலிக்கிறதா என்பதாக இருக்கலாம். இரண்டாவது கேள்வி, வலித்தால் உட்கார முடிகிறதா என்பதாக இருக்கட்டும்.