காணாமல் போனோருக்கான பொது எச்சரிக்கை: சட்டமும் சாதியும்

2023 அக்டோபரில் தமிழ்நாடெங்கும் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கலாம். அது பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. ஒரு பகுதியின் கோபுரங்களோடு இணைந்திருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும், எண்களை அறியாமலேயே செய்தி அனுப்பும் தொழில்நுட்பம் அரசின் கையில் உள்ளது. ஆனால் காணாமல் போன ஒரு குழந்தைக்காக அந்த ஒலியை எழுப்பும் முறை இந்தியாவில் இல்லை. இருக்கும் சட்டம் என்ன, இல்லாதது என்ன, நாம் எதைக் கோர வேண்டும் என்பதை இங்கே தொகுத்துள்ளோம்.

'ஓடிவிட்டார்' என்னும் சொல்

1993 மார்ச்சில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டதாகக் காவல்துறை கூறியது. அவர் காவலில் கொல்லப்பட்டார் என்னும் உண்மை, மனைவி பார்வதி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த ஆட்கொணர்வு மனுவின் வழியாகவே வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது.

2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூர் காப்பகத்தில் இருந்தோர் மீட்கப்பட்டதற்கும் காரணம், ஒரு முதியவரைத் தேடித் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுவே. 2025 மே மாதம், ஆந்திரத்தில் கடனுக்கு ஈடாக வாத்து மேய்க்க வைக்கப்பட்ட ஏனாதிப் பழங்குடிச் சிறுவனின் உடல் காஞ்சிபுரம் அருகே தோண்டி எடுக்கப்பட்டது. மகனைக் கேட்டு வந்த தாயிடம் அவன் ஓடிவிட்டான் என்றே சொல்லப்பட்டிருந்தது.

சேரியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் புகார் கொடுக்கச் செல்வோர் கேட்கும் முதல் பதிலும் இதுதான்: "யாரோடாவது ஓடிப்போயிருப்பாள், இரண்டு நாள் பார்." அந்த இரண்டு நாளில்தான் உயிரைக் காக்கும் வாய்ப்பு கரைந்துபோகிறது.

இருக்கும் சட்டம்

காணாமல் போன புகாருக்கு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. 2013 மே 10 அன்று 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' வழக்கில் உச்சநீதிமன்றம், காணாமல் போன ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்றும், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும் வரை அதைக் கடத்தலாகவே கருத வேண்டும் என்றும் ஆணையிட்டது. நான்கு மாதங்களில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றாக வேண்டும். திண்டிவனத்துக்கு இது மிக முக்கியம். புதுச்சேரி சாலையில் சிறிது தூரம் சென்றாலே வேறொரு காவல்துறையின் எல்லை தொடங்கிவிடுகிறது. "எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் இன்று சட்டப்படி செல்லாது. ஆள்கடத்தல், பாலியல் வன்கொடுமைப் புகார்களைப் பதிய மறுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவின்கீழ் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் பட்டியலினத்தவரல்லாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது.

பிறர் கண்ட வழி

1996இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி கடத்திக் கொல்லப்பட்ட பின், அவள் பெயரால் 'ஆம்பர் எச்சரிக்கை' உருவானது. வானொலி, தொலைக்காட்சி, நெடுஞ்சாலைப் பலகை, கைப்பேசி எனப் பல வழிகளில் செய்தி உடனே பரவுகிறது. ஆனால் கடத்தல் என்று காவல்துறை கருதினால்தான் அது ஒலிக்கும். கறுப்பினக் குழந்தைகள் 'ஓடிப்போனவர்கள்' என்றே அதிகம் வகைப்படுத்தப்பட்டதால் பலர் அதற்கு வெளியே நின்றனர். ஆகவே கலிபோர்னியா 2024 ஜனவரி முதல் கறுப்பின இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் 'எபோனி எச்சரிக்கை'யை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன்பே, 2022இல், வாஷிங்டன் மாநிலம் பூர்வகுடிகளுக்கெனத் தனி எச்சரிக்கையைத் தொடங்கியிருந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம், வயது வந்தோரையும் உள்ளடக்கி, 'காணாமல் போன, ஆபத்திலுள்ளோர்' என்ற தனிக் குறியீட்டை ஏற்றது.

பொதுவானது என்று சொல்லப்படும் ஏற்பாடும், அதை இயக்குபவரின் கண்ணில் யார் மனிதர் என்பதைப் பொறுத்தே இயங்குகிறது. நமக்கான பாடம் இதுவே.

எச்சரிக்கையே ஆபத்தாகலாம்

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே முருகேசனும் கண்ணகியும் தேடிப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். சாதி மறுத்து மணந்த இணையருக்கு எதிராகப் பெண் வீட்டார் எடுக்கும் முதல் ஆயுதமே 'பெண் காணவில்லை' என்ற புகார்தான். அவர்களின் நிழற்படத்தை அரசே ஊரெங்கும் பரப்பினால், கொலையாளிக்கு வழிகாட்டியதாகிவிடும். ஆகவே வயது வந்தவர் தம் விருப்பப்படி சென்றிருக்கக்கூடும் எனில், படத்தை வெளியிடாமல் அவரைக் கண்டு, அவர் விருப்பத்தைத் தனியே கேட்டறிய வேண்டும். சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்சநீதிமன்றம் கட்டளையிட்ட பாதுகாப்பு இல்லங்களோடும் தனிப்பிரிவுகளோடும் எந்த எச்சரிக்கை முறையும் இணைக்கப்பட வேண்டும்.

நாம் கோருவன

குழந்தை காணாமல் போன சில மணி நேரத்திற்குள் மாவட்ட அளவில் கைப்பேசி எச்சரிக்கை. மறுத்தால் எழுத்தில் காரணம். 'ஓடிப்போனவர்' என்ற வகைப்பாட்டுக்குத் தடை. செங்கற்சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு என இடம்பெயரும் குடும்பங்களுக்கு முன்னுரிமை. திண்டிவனத்திலிருந்து இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் இடம்பெறும் கண்காணிப்புக் குழு.

இன்றே செய்ய வேண்டியவை

1. அவசரத்துக்கு 112, குழந்தைக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய எண்களை உடனே அழையுங்கள்.
2. புகாரில் கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடை, கடன் அல்லது வேலைத் தொடர்பு, சாதிப் பகை இருப்பின் அதையும் எழுதுங்கள்.
3. சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், முதல் தகவல் அறிக்கையின் இலவச நகலைக் கேளுங்கள்.
4. மறுத்தால் அன்றே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அடுத்து நீதித்துறை நடுவரை அணுகுங்கள்.
5. சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஐயம் இருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக ஆட்கொணர்வு மனுவுக்கு உதவி கேளுங்கள்.

எழுதத் தெரியாத தாய்க்கு முதல் மணி நேரத்தில் புகார் எழுதித் தர ஒரு கல்லூரி மாணவர் போதும். அரசின் எச்சரிக்கை ஒலிக்கும் நாள்வரை, ஒவ்வொரு குடியிருப்பிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.